வலுவைக் கூட்டுமுன் அமுக்கத்தை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வெளியான, பழைய மோட்டார் சைக்கிள்களில் நெடும்பயணம் போகும் எமது இளைஞர்களைப் பற்றிய கட்டுரையை மகிழ்ச்சியோடு வாசித்தேன். தகப்பன்மார் ஓடிய ஹொண்டா சீ.டி. 200 ரோட்மாஸ்டரையும் சீ.டி. 125 பென்லியையும் கொட்டிலிலிருந்து வெளியே எடுத்து, துரு நீக்கி, நிறம் பூசி, ஏ9 வீதியால் கண்டிக்கும் அதற்கு அப்பாலும் போய்வருகிற ஒரு தலைமுறை யாழ்ப்பாணத்தில் உருவாகியிருப்பது நல்ல விடயம். ஆனால் கட்டுரையின் முடிவில் இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவதற்கெனத் தரப்பட்டிருந்த ஆலோசனைகள், அதாவது முதலில் பெரிய பிஸ்டன், பிறகு வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான காம்ஷாப்ட்டை மாற்றுவது, அதன்பின் திறந்த எயார் கிளீனரும் தடையற்ற சைலன்சரும் என்ற வரிசை, நெடும்பயணத்துக்கான ஒரு பழைய வண்டிக்குச் சிறிதும் பொருந்தாதது. வாகனத் தொழில்நுட்பம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். ஏனென்றால் அந்த வரிசையைப் பின்பற்றிப் பெருந்தொகை செலவிட்ட பிள்ளைகள், வவுனியாவைத் தாண்டுமுன் சூடேறி நின்றுபோன வண்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இந்த வண்டிகள் இன்று எளிதில் ஈடுசெய்யக்கூடியவை அல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாடெங்கும் பழைய வண்டிகளின் விலை ஏறியது, உதிரிப்பாகங்களுக்காகக் கழற்றப்பட்ட வண்டிகளும் பல. நல்ல நிலையிலுள்ள ஒரு சிலிண்டர் ஹெட்டையோ கிராங்கையோ தேடிக் கொழும்பிலுள்ள பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நாள்முழுதும் அலைந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எனவே வலுவைக் கூட்டும் எந்த வேலையும், இருப்பதைக் கெடுக்காமல் செய்யக்கூடியதா, பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றக்கூடியதா என்ற கேள்வியைத் தாண்டியே வர வேண்டும்.

எதை மாற்றுவது என்பதற்கான விடை, வண்டி எந்த வீதியில், எவ்வளவு சுமையோடு, எந்த வேகத்தில் ஓடப்போகிறது என்பதில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று தம்புள்ளை வரைக்கும் ஏ9 வீதி பெரும்பாலும் சமதரை. அவ்வளவு தூரமும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவது காற்றுத்தான். சோளகம் வீசும் மாதங்களில் ஆனையிறவு வெளியைக் கடந்தவர்களுக்கு அதன் பலம் தெரியும். மாத்தளையை அண்டித்தான் ஏற்றம் தொடங்குகிறது. கண்டியிலிருந்து கம்பளை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்குப் போகிறவர், ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்கு, வளைவுக்கு வளைவு வேகம் இழந்து மீண்டும் வேகம் எடுத்து, ஏற வேண்டியிருக்கிறது. பின்னால் ஒருவர், இருபுறமும் பைகள், நிரம்பிய தாங்கி என்ற சுமையோடு இப்படி ஏறும் வண்டிக்குத் தேவைப்படுவது, நடுத்தரச் சுழற்சி வேகத்தில் கிடைக்கும் முறுக்குவிசை. கராஜில் இதைத்தான் 'இழுவை' என்கிறோம். அக்சிலேற்றரை முழுவதும் திறந்து, இயந்திரம் தாங்கக்கூடிய உச்சச் சுழற்சிக்குக் கொண்டுபோனால் மட்டும் கிடைக்கும் வலு, பயணத்தில் எத்தனை நிமிடம் பயன்படும்? இந்நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கான வேக எல்லை ஊர்ப்பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், அதற்கு வெளியே 70 கிலோமீற்றர். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை.

உச்ச வேகத்தின் கணக்கையும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். காற்றின் எதிர்ப்பைச் சமாளிக்கத் தேவையான வலு, வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரட்டிப்பானால், காற்றை வெல்வதற்கு மட்டும் எட்டு மடங்கு வலு வேண்டும். மறுவளமாகப் பார்த்தால், பெருஞ்செலவில் இயந்திரத்தின் வலுவை 10 சதவீதம் கூட்டினாலும், மணிக்கு 90 கிலோமீற்றரைத் தன் எல்லையாகக் கொண்ட ஒரு வண்டி சுமார் 93 கிலோமீற்றரைத்தான் எட்டும். விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் குதிரைவலு எண்ணிக்கை வீதியில் என்னவாகச் சுருங்குகிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். அதே 10 சதவீதம் நடுத்தரச் சுழற்சியில் முறுக்குவிசையாகக் கிடைக்குமானால், றம்பொடை ஏற்றத்தில் ஒரு கியர் குறைக்காமல் போகலாம். ஒரு பஸ்ஸை முந்துவதற்கு எடுக்கும் நேரமும் குறையும்.

இனி நான் முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடிய ஒரு இயந்திரம், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது தந்த வலுவை இன்று தருவதில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்குகள் தேய்ந்து, வால்வுகள் ஒழுங்காக அமராமல், காம்ஷாப்ட்டைச் சுழற்றும் ரைமிங் செயின் நீண்டு வால்வுகள் திறக்கும் நேரம் பிந்தி, காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றரின் ஊசியும், பெற்றோல் வரும் துளையான ஜெட்டும் தேய்ந்து, எங்கெங்கோ சிறிது சிறிதாக வலு கசிந்து போயிருக்கிறது. அந்த இழப்பை மீட்பதுதான் மிக மலிவான, மிக நம்பகமான வலுவூட்டல். இதைச் சொன்னால், "அது வெறும் றிப்பெயர்தானே, நாங்கள் கேட்பது அப்கிரேட்" என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். பிஸ்டன் மேலேறும்போது உள்ளே எழ வேண்டிய அமுக்கத்தில் பாதியை இழந்த சிலிண்டரின்மீது விலையுயர்ந்த காம்ஷாப்ட்டைப் பூட்டுவது, ஓட்டை வாளிக்குப் பெரிய துலாக்கயிறு வாங்குவதைப் போன்றது.

இழப்பு எங்கே என்று கண்டறிய அமுக்கமானி ஒன்று போதும். இயந்திரத்தைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்கி, சீ.டி. 200 போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டியானால் இரண்டு பிளக்குகளையும் கழற்றி, பிளக் வயர்களை உலோகத்தோடு தொடவைத்து, அமுக்கமானியை ஒரு சிலிண்டரில் பொருத்தி, அக்சிலேற்றரை முழுவதும் திறந்து பிடித்தபடி, ஊசி மேலும் ஏறாமல் நிற்கும் வரைக்கும் கிக் ஸ்டார்ட்டரை மிதிக்க வேண்டும். அக்சிலேற்றரைத் திறக்காமல் அளந்தால் காற்று உள்ளே வராது, அளவும் பொய்யாகிவிடும். மற்றச் சிலிண்டரையும் இவ்வாறே அளந்து, வண்டியின் சேர்விஸ் புத்தகத்திலுள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் கவனிக்க வேண்டிய குறை இருக்கிறது. அளவு குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி இயந்திர ஒயிலை விட்டு மீண்டும் அளக்கும்போது ஊசி நன்றாக மேலேறினால் தேய்ந்திருப்பது றிங்கும் சிலிண்டரும்; ஏறாவிட்டால் குறை பெரும்பாலும் வால்வில், அல்லது ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள கேஸ்கட்டில். அரை மணித்தியால வேலை இது. இந்த அளவைத் தாளில் எழுதித் தராத எவரிடமும் இயந்திரத்தைத் திறக்கக் கொடுக்கக்கூடாது என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்தி வருகிறேன்.

எமது பிரதேசத்து வண்டிகளுக்கு இந்தச் சோதனை மேலதிகமாகத் தேவைப்படுவதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மட்டுமன்றி ஒஸ்ரின் ஏ40 கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்தக் கைத்திறனைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த மெக்கானிக்குகளை நான் பெரிதும் மதிக்கிறேன். கையில் எதுவும் இல்லாதபோது ஒரு சமூகத்தை நகரவைத்தவர்கள் அவர்கள். ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாமல் எஞ்சியது றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்தது. அதனால் பேரிங்குகளும் சிலிண்டர்ச் சுவர்களும் தேய்ந்தன. தட்டலைத் தாங்கும் திறனைக் காட்டும் ஒக்டேன் அளவும் மிகக் குறைவாதலால், சுமையோடு ஓடும்போது கலவை தானாகவே வெடித்து இயந்திரம் தட்டியது. அந்தக் காலத்தைக் கடந்து வந்த ஒரு வண்டி வீட்டில் இருக்குமானால், வெளிப்பூச்சு எவ்வளவு மினுங்கினாலும், உள்ளே அளந்து பார்க்காமல் அதன்மேல் எதையும் ஏற்றக்கூடாது.

பெரிய பிஸ்டன் பற்றிய மயக்கத்தைத் தீர்க்கச் சிறு கணக்கே போதுமானது. சீ.டி. 200 இன் இரண்டு சிலிண்டர்களும் தலா 53 மில்லிமீற்றர் விட்டமும் 44 மில்லிமீற்றர் ஓட்டமும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) கொண்டவை. மொத்தக் கொள்ளளவு 194 சீசீ. தேய்ந்த சிலிண்டரைப் போர் செய்து, அதாவது உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி, ஒரு மில்லிமீற்றர் கூடிய பிஸ்டனைப் போட்டால் கொள்ளளவு சுமார் 201 சீசீ ஆகிறது. கூடுதல் நான்கு சதவீதம்கூட இல்லை. அந்த வேலைக்குப் பிறகு வண்டி "வேற மாதிரி இழுக்குது" என்று ஓடுபவர் மகிழ்வதற்குக் காரணம், புதிய றிங்குகள் புதிய சுவரில் இறுக்கமாக அமர்ந்து இழந்த அமுக்கத்தை மீட்டதே தவிர, கூடிய அந்த ஏழு சீசீ அன்று. ஆகவே போர் செய்ய வேண்டிய தேய்மானம் இருந்தால் தேவையான அளவுக்கு மட்டும், அதாவது 0.25 மில்லிமீற்றர் போதுமானால் 0.25 மில்லிமீற்றருக்கு மட்டும் செய்ய வேண்டும். முதல் முறையிலேயே ஒரு மில்லிமீற்றருக்குப் போகிறவர், அந்தச் சிலிண்டரின் எதிர்காலத் திருத்தங்கள் அனைத்தையும் ஒரே நாளில் செலவழித்துவிடுகிறார். லேத் பட்டறையில் போர் செய்த பிறகு சுவரில் குறுக்குக் கோடுகள் விழும்படி ஹோனிங் செய்யப்பட்டதா, பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளி அளக்கப்பட்டதா என்று கேட்பது, பிஸ்டன் எந்த நாட்டில் செய்தது என்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

கொள்ளளவைக் கூட்டி உண்மையான இழுவை பெற வேண்டுமென்றால் அதை எப்படிச் செய்வது என்பதை ஹொண்டா நிறுவனமே காட்டியிருக்கிறது. 1985 இல் வெளிவந்த ரெபெல் 250 இன் இரட்டைச் சிலிண்டர் இயந்திரம் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விட்டமும் அதே 53 மில்லிமீற்றர்தான். ஓட்டத்தை மட்டும் 44 இலிருந்து 53 மில்லிமீற்றராக நீட்டி, 234 சீசீயைப் பெற்றார்கள். அதாவது கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு கூடியது. இதற்காக, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கையும் அதைச் சார்ந்த பகுதிகளையும் மாற்ற வேண்டும் என்பதால் அது சாதாரண கராஜ் வேலை அன்று. எவரையும் அதில் இறங்குமாறு நான் தூண்டவும் இல்லை. கொள்ளளவையும் இயந்திரத்தையும் மாற்றுகிறவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு அவை பொருந்துகின்றனவா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பதிவுக்கு ஒவ்வாத வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல் எழும்.

பிஸ்டன் மேலேறும்போது கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதைக் காட்டும் நெருக்கல் விகிதத்தைக் கூட்டுவது பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. ஹெட்டைச் செதுக்கி அல்லது மெல்லிய கேஸ்கட் போட்டு 9 க்கு 1 என்ற விகிதத்தை 10 க்கு 1 ஆக உயர்த்தினால், கோட்பாட்டளவில் திறன் சுமார் மூன்று சதவீதம் கூடும். இந்தச் சிறு ஆதாயத்துக்காக, சித்திரை வெயிலில், சுமையோடு, காற்றால் மட்டும் குளிரூட்டப்படும் ஒரு இயந்திரத்தைத் தட்டலின் விளிம்புக்குத் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. எமது நிரப்பு நிலையங்களில் 92, 95 ஒக்டேன் பெற்றோல்கள் உண்டு என்றாலும், நெடும்பயணத்தில் ஒரு சிறு பட்டினத்தில் எது கிடைக்கிறதோ அதைத்தான் ஊற்ற முடியும். 92 இல் நிம்மதியாக ஓடாத இயந்திரம் பயணத்துக்கு உரியதன்று. 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களை மறந்தவர்கள் மட்டுமே, குறிப்பிட்ட எரிபொருள் கிடைத்தால்தான் ஓடும் வண்டியை விரும்பிக் கட்டுவார்கள்.

காம்ஷாப்ட் விடயத்தில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காம்ஷாப்ட் தீர்மானிப்பது வால்வு எவ்வளவு உயரத் திறக்கிறது என்பதை மட்டுமல்ல. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, குறிப்பாக உள்ளெடுக்கும் வால்வு எப்போது மூடுகிறது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. பிஸ்டன் அடிப்புள்ளியைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் அந்த வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். மிக வேகமாகச் சுழலும்போது, உள்ளே பாயும் காற்றுக்கு உந்தம் இருப்பதால், பிந்தி மூடுவது சிலிண்டரை மேலும் நிரப்பும். மெதுவாகச் சுழலும்போது அதே பிந்துகை, உள்ளே வந்த கலவையைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். ஆகவே பந்தயத்துக்கான காம்ஷாப்ட்டைப் பூட்டிய வண்டி, மேலே சத்தமாகப் பாய்ந்தாலும் கீழே சோர்ந்து நிற்கும். மேற்சொன்ன ஏற்றத்தில் நாம் இருப்பது கீழேதான்.

இது சின்ன வண்டிகளுக்கு மட்டுமான விதி அன்று. ரொறொன்ரோவிலிருக்கும் என் மருமகன் ஒரு பழைய ஹார்லி டேவிட்சன் பயண வண்டி வைத்திருக்கிறார். அதன் இயந்திரம் 1999 மாதிரி ஆண்டில் அறிமுகமான 1,450 சீசீ கொண்ட ட்வின் காம் 88. எந்தக் காம்ஷாப்ட்டைப் போடலாம் என்று அவர் என்னிடம் கேட்டபோது, முதலில் காம் செயின்களை இழுத்துப் பிடிக்கும் கட்டைகளைப் பார்க்கும்படி எழுதினேன். அந்த இயந்திரத்தின் 1999 முதல் 2006 வரையான பயண வண்டிகளில் வில்லால் அழுத்தப்படும் கட்டைகள் பயன்பட்டன. அவை தேய்ந்து, துகள்கள் ஒயில் வழியில் கலந்து, ஒயில் பம்பைக் கெடுக்கக்கூடியவை என்பது அந்த வண்டியை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 2007 இல் 1,584 சீசீ இயந்திரம் வந்தபோது ஒயில் அமுக்கத்தில் இயங்கும் இழுப்பான்கள் பொருத்தப்பட்டன. ஆகவே காம்ஷாப்ட்டுகள் இருக்கும் பெட்டியைத் திறக்கும் நாளில் இழுப்பான்களையும் புதுப்பிப்பது, பிறகு உள்ளெடுக்கும் வால்வை முந்தி மூடும் மென்மையான காம்ஷாப்ட்டைத் தெரிவுசெய்வது, அதற்குப் பின்னரே எரிபொருளைச் சீர்செய்வது என்ற ஒழுங்கில் அவர் போனார். சாமான்களும் ஆளும் ஏறியபோது அரைத் தொன்னை எட்டும் அந்த வண்டிக்கும், எமது சீ.டி. 200 க்கும் தேவை ஒன்றே. சீ.டி. 200 ஐப் பொறுத்தவரை, தேயாத அசல் காம்ஷாப்ட்டும், புதிய ரைமிங் செயினும், சேர்விஸ் புத்தகத்தில் உள்ளபடி சரிசெய்யப்பட்ட வால்வு இடைவெளியுமே அந்தத் தேவையை நிறைவேற்றும்.

எயார் கிளீனர்ப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு வடிவத் திறந்த வடிகட்டியைப் பூட்டும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் நோகிறது. அந்தப் பெட்டி வெறும் தூசு தடுப்பான் அன்று. காபரேற்றருக்கு அமைதியான, நிலையான காற்றைத் தருவதற்காகக் கணக்கிட்டு அமைக்கப்பட்ட அறை அது. அதை அகற்றினால் காற்று கூடி, பெற்றோல் அதற்கேற்பக் கூடாமல், கலவை மெலிகிறது. மெலிந்த கலவையில் நீண்ட நேரம் ஓடும் இயந்திரத்தில் பிஸ்டன் தலை அளவுக்கு மீறிச் சூடாகிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் நின்றுபோகும் வண்டிகள் பலவற்றின் கதை இதுவே. காபரேற்றரின் மெயின் ஜெட்டை மாற்றி இதைச் சரிசெய்யலாம் என்பது உண்மை. ஆனால் மெயின் ஜெட் ஆள்வது பெருமளவு திறந்த அக்சிலேற்றரை; பயணத்தில் நாம் அதிகம் பயன்படுத்தும் நடுப்பகுதியை ஆள்வது ஊசியும் அதன் உயரமும். அதையும் சேர்த்துச் சீர்செய்யாத வேலை அரைவேலை. இவற்றுக்கும் மேலாக எமது செம்மண் தூசும் கரையோர மணலும் இருக்கின்றன. மலிவான திறந்த வடிகட்டியைத் தாண்டிப் போகும் நுண்மணல், ஒயிலோடு சேர்ந்து, புதிதாகப் போட்ட றிங்குகளை அரைத்துவிடும். அசல் பெட்டியின் இணைப்பு ரப்பர்கள் வெடித்திருந்தால் அவற்றை மாற்றி, உள்ளே சுத்தமான வடிகட்டியை வையுங்கள். சமதரையில் சரியாக அமைத்த காபரேற்றர் நுவரெலியாவில் சற்றுச் சோர்வதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, ஆகவே பெற்றோல் மிகுந்து கலவை கொழுப்பதும் வலு குறைவதும் இயல்பு. அதைக் குறை என்று எண்ணி மலையில் ஜெட்டைச் சிறிதாக்கியவர், கீழே இறங்கியதும் பழையதை மீண்டும் போட மறந்தால் பிஸ்டனை இழப்பார்.

சைலன்சரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே துருவும் கரியும் அடைத்த சைலன்சரை மாற்றுவது பயன் தரும். குழாய் ஹெட்டோடு சேரும் இடத்திலுள்ள கசிவை அடைப்பதும் அவ்வாறே. உள்ளிருக்கும் தடுப்புகளை வெட்டி எறிவதால் வருவது சத்தம் மட்டும். ஆசுபத்திரி வீதியாலும், பள்ளிக்கூடம் நடக்கும் ஒழுங்கைகளாலும், பூசை நேரத்தில் கோயில் வாசலாலும் அந்தச் சத்தத்தோடு போகிறவர்களால்தான், ஒழுங்காகப் பயணம் போகும் மற்றப் பிள்ளைகளும் பொலிஸாரால் மறிக்கப்படுகிறார்கள்.

மிகக் குறைந்த செலவில் இழுவையை மாற்றக்கூடிய ஒன்றைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. செயினை ஓட்டும் பற்சில்லான முன் ஸ்பிரொக்கற்றில் 15 பற்கள் இருக்கும் ஒரு வண்டியில் 14 பற்கள் கொண்டதைப் போட்டால், பின்சில்லுக்குப் போகும் முறுக்குவிசை ஒவ்வொரு கியரிலும் சுமார் ஏழு சதவீதம் கூடுகிறது. அதே வேகத்துக்கு இயந்திரம் ஏழு சதவீதம் வேகமாகச் சுழல வேண்டும் என்பது அதற்கான விலை. மலைநாட்டுக்குச் சோடியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய வரம். வவுனியா, அனுராதபுரம் என்று சமதரையில் தனியாக ஓடுகிறவர்களுக்கு அசல் அளவே நல்லது. ஒரு மணித்தியாலத்தில் மாற்றலாம், வேண்டாமென்றால் மீண்டும் பூட்டலாம். செயின் தேய்ந்திருந்தால் அதையும் இரண்டு ஸ்பிரொக்கற்றுகளையும் ஒரே தொகுதியாக மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. தேயும் தொடுமுனைகளைக் கொண்ட பொயின்ற் முறையில் தீப்பொறி எழுப்பும் பழைய இயந்திரங்களை சீ.டி.ஐ. என்ற மின்னணு முறைக்கு மாற்றுவதையும் நான் ஆதரிக்கிறேன்; வலு கூடுவதற்காக அல்ல, தீப்பொறியின் நேரம் மாறாமல் நிலைத்திருப்பதற்காக.

பிறேக்கையும் இதே வரவுசெலவில் சேர்க்க வேண்டும். சீ.டி. 200 இல் முன்னும் பின்னும் இருப்பது டிரம் பிறேக். கடுகண்ணாவையோ றம்பொடையோ, நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அவற்றின் பிடி தளரும். புதிய பிறேக் சூக்கள், வட்டம் கெடாத டிரம், நல்ல கேபிள், பழசாகி இறுகிப்போகாத ரயர் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்காமல் இயந்திரத்துக்கு ஒரு சதமும் செலவிடக்கூடாது.

இறுதியாக இரண்டு வேண்டுகோள்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்கிறேன். முதலாவது, யாழ்ப்பாணத்து கராஜ் உரிமையாளர்களுக்கு. உங்களிற் பெரும்பாலானோர் நேர்மையான கைத்தொழிலாளர்கள். ஆனால் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அமுக்க அளவுகளைப் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுக்கும் வழக்கம் எம்மிடையே இன்னும் வரவில்லை. அது வந்தால், நல்ல வேலை எது என்பது வாடிக்கையாளருக்குத் தானாகவே தெரியும். விலை பேசும்போது உங்கள் கையும் ஓங்கும். இரண்டாவது, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இயங்கிவரும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்துக்கும் எமது தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும். வாகனத் தொழில்நுட்ப மாணவர்களைக் கொண்டு, பாடசாலை விடுமுறைக் காலங்களில், பழைய மோட்டார் சைக்கிள்களுக்கான இலவச அளவீட்டு நாள் ஒன்றை நடத்துங்கள். அமுக்கம், வால்வு இடைவெளி, தீப்பொறி நேரம், பிளக்கின் நிறம் ஆகிய நான்கையும் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். மாணவர்களுக்கு அது பயிற்சி. வண்டிக்காரருக்கு அது, எங்கே பணத்தைப் போடுவது என்று காட்டும் ஆவணம். அப்படியொரு நாள் ஒழுங்குசெய்யப்பட்டால், என் அமுக்கமானியோடும், இடைவெளி அளக்கும் பீலர் கேஜோடும் வந்து மாணவர்களோடு நின்று வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். விருப்பமுள்ள நிறுவனங்கள் தங்கள் அலுவலகம் ஊடாக என்னைத் தொடர்பு கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வாகனத் தொழில்நுட்பப் போதனாசிரியர்,
கோண்டாவில்.